மாடிப்படியும் ஒரு நோய்க் காரணம்

மும்பை குர்லாவில் ஒரு சால், அதாவது வரிசை அறைகள் கொண்ட குடியிருப்பு. இதயம் பலவீனமாகிக் கால் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்த தாத்தா மாடி அறைக்குத் திரும்புகிறார் என்று வையுங்கள். நீர் பிரிய மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பொதுக் கழிப்பறையோ கீழே, அங்கும் வரிசை. “எத்தனை தடவைதான் படி இறங்குறது?” என்று மாத்திரையை ஒதுக்கிவிடுகிறார். நாலைந்து நாளில் மூச்சிரைப்பு. மறுபடி ஆட்டோ, மறுபடி கேஸ் பேப்பர்.

இப்படித் திரும்பி வருவது புதிதல்ல. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டில் டிஸ்சார்ஜ் ஆனவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆனதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அறுவை சிகிச்சை அல்லாத நோய்க்காக வந்து, அப்படித் திரும்பியவர்களில் பாதிப் பேருக்கு, இடையில் டாக்டரைப் பார்த்ததற்கான பில்லே இல்லை.

திரும்பி வர இன்னொரு காரணம் மாத்திரைக் குழப்பம். புதிதாக எழுதிய சர்க்கரை மாத்திரையும் வீட்டிலிருக்கும் பழைய அட்டையும் ஒரே மருந்தாக இருக்கலாம். கம்பெனிப் பெயர்தான் வேறு. இரண்டையும் விழுங்கினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம்.

வார்டை விட்டுக் கிளம்பும் முன்

• பழைய அட்டைகளை எல்லாம் காட்டி, எதைத் தொடர, எதை நிறுத்த என்று கேளுங்கள்.
• எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்? இதய நோயாளிக்கு இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினால், உடம்பில் நீர் சேர்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.
• அடுத்து என்றைக்கு, யாரிடம் காட்ட வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள்.
• டாக்டர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் உரிமை

நோயைப் பற்றி நமக்குத் தெரிந்த மொழியில் விளக்கம் பெறும் உரிமையை, தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018 நோயாளி உரிமைச் சாசனம் சொல்கிறது. சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. 70 வயது நிரம்பியவர்கள், வருமானம் எதுவானாலும், ஆயுஷ்மான் வய வந்தனா என்ற மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கலாம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் மருந்து, பரிசோதனைச் செலவும் அதில் அடங்கும்.

குறை இருந்தால்

முதலில் மருத்துவக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். காசு கட்டிப் பெற்ற சிகிச்சையில் அலட்சியம் என்றால், இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். நுகர்வோர் உதவி எண் 1915. முதியோர் உதவிக்கு 14567.

திரும்பி வருவதெல்லாம் யாரோ செய்த தவறால் அல்ல. மூச்சு முட்டினால் செலவுக்குப் பயந்து காத்திருக்க வேண்டாம். ஆனால் கழிப்பறை கீழே இருப்பதை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாத்திரை நேரத்தை மாற்ற வழி பார்த்திருப்பார். அவர் கேட்கவில்லை, தாத்தாவுக்கோ சொல்லக் கூச்சம். பக்கத்தில் நின்ற நாம் சொல்லியிருக்கலாம்.