இல்லாத கையின் வலி

போரில் கையையோ காலையோ இழந்த வீரர்களுள் பலர், இழந்த உறுப்பு இன்னும் உடலோடு இருப்பதாகவே உணர்கின்றனர். இல்லாத பாதத்தில் அரிப்பு எடுக்கிறது; இல்லாத விரல்கள் இறுக மடங்கி, நகங்கள் உள்ளங்கையில் பதிவதுபோல் வலிக்கிறது. அவ்விரல்களை விரித்து வலியைத் தணிக்கலாம் என்றால், விரிப்பதற்கு அங்குக் கை இல்லை. இந்நிலையை மருத்துவர்கள் 'மாய உறுப்பு' என்பர்.

வீரர்களின் சொல்

பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவர் அம்புரோசு பாரே, 16ஆம் நூற்றாண்டிலேயே இவ்வலியைக் குறித்து எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) உறுப்பிழந்த வீரர்களைப் பிலடெல்பியாவில் ஆராய்ந்த சைலஸ் வெயர் மிட்செல், 1871இல் இதற்கு மாய உறுப்பு எனப் பெயரிட்டார். எனினும், கண்ணுக்குப் புலப்படாத இவ்வலியை வெறும் மனமயக்கம் எனக் கருதியோர் பலர். வெட்டுண்ட நரம்பின் முனையே காரணம் என எண்ணி, எஞ்சிய பகுதியை மீண்டும் அறுத்தவரும் உண்டு. அதனாலும் பலருக்கு நிலையான தீர்வு கிட்டவில்லை.

மூளையின் வரைபடம்

மூளையின் மேற்பரப்பில் உடல் முழுமைக்குமான வரைபடம் ஒன்று உள்ளது. அதில் கைக்குரிய பகுதி, முகத்திற்குரிய பகுதியை அடுத்து அமைந்துள்ளது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன், 1990களில் அமெரிக்காவில் இதனை ஆராய்ந்தார். கையிழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டபோது, இழந்த கையின் விரல் தொடப்பட்டதாக அவர் உணர்ந்தார். கையிலிருந்து செய்தி வருவது நின்றதும், முகத்தின் செய்திகள் அப்பகுதியில் புகுந்தன என இராமச்சந்திரன் விளக்கினார். உறுப்பு நீங்கினும் மூளையில் அதன் இடம் நீங்குவதில்லை.

கண்ணாடி தந்த ஆறுதல்

இராமச்சந்திரன் ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தினார். இருக்கும் கையின் பிம்பம், இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் தோன்றியது. இருக்கும் கையை விரிக்க, இழந்த கையும் விரிவதாகக் கண் கண்டது. சிலருக்கு நெடுநாள் இறுக்கம் தளர்ந்தது.

இம்முறை, அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் காலிழந்தோரிடம் சோதிக்கப்பட்டது. முடிவுகள் 2007இல் வெளியாயின. நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு கண்ணாடியையும், மற்றொரு குழு திரையிட்ட கண்ணாடியையும் பயன்படுத்தியது. மூன்றாம் குழு காலின் அசைவை மனத்தால் மட்டும் எண்ணியது. நான்கு வாரங்களின் முடிவில், கண்ணாடியைப் பயன்படுத்திய அறுவருக்கும் வலி குறைந்திருந்தது. திரையிட்ட கண்ணாடியின் முன் பயின்ற அறுவருள் ஒருவருக்கே குறைந்தது, மூவருக்குக் கூடியது. ஆய்வு சிறிது, எல்லார்க்கும் இம்மருத்துவம் பயன் தருவதுமில்லை. ஆயினும், மருந்தோ கத்தியோ இன்றி வலியைத் தணிக்கும் வழி ஒன்று புலனாயிற்று.

வலியை அளக்கும் கருவி இன்றும் இல்லை. வலிப்பவரின் சொல்லே அதற்குச் சான்று. அச்சொல்லை நம்பிய மருத்துவர்களாலேயே இவ்வாய்வு தொடங்கிற்று.