அரசாங்கம் கணினி வாங்கும்போது...

வீட்டைப் புதுப்பிக்கக் குத்தகையாளரை அழைத்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. சமையலறை எப்படி இருக்க வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பாதி வேலை முடிந்த பிறகுதான் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறக்க இடமில்லை என்று தெரிகிறது. மாற்றச் சொன்னால் கூடுதல் பணம். அரசாங்க அமைப்புகள் கணினி முறைகளை வாங்கும்போதும் இதுதான் நடக்கிறது. தொகைதான் பெரிது, அதுவும் நம் வரிப்பணம்.

தேவைகள் அனைத்தையும் தடித்த ஆவணமாக எழுதி, ஏலக்குத்தகை விட்டு, ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது வழக்கமான முறை. பாலம் கட்ட அது பொருந்தும். மென்பொருளுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. வேலை முடிவதற்குள் விதிமுறைகளும் மக்களின் பழக்கமும் மாறிவிடுகின்றன. முகப்பில் அமர்ந்து அதைப் பயன்படுத்தப்போகும் ஊழியரிடம் பல நேரங்களில் யாரும் கருத்துக் கேட்பதும் இல்லை.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். மருத்துவக் காப்புறுதி வாங்குவதற்கான ஹெல்த்கேர்.கவ் இணையத்தளம் 2013 அக்டோபர் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. முதல் நாளில் அதன்வழி காப்புறுதியில் சேர முடிந்தவர்கள் 6 பேர்! ஆள்பலத்துக்குக் குறைவில்லை, 55 குத்தகை நிறுவனங்கள் அதில் ஈடுபட்டிருந்தன. அவை செய்த பகுதிகளை ஒன்றிணைக்கும் பொறுப்பை அரசாங்க அமைப்பே வைத்துக்கொண்டது. அதற்கேற்ற அனுபவம் அதனிடம் இல்லை. முழுத் தளத்தையும் சேர்த்துச் சோதித்தது கடைசி இரண்டு வாரங்களில்தான் என்று குத்தகையாளர்களே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்கள். பிறகு வெளியிலிருந்து பொறியாளர்கள் வந்து உதவ, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பெரும்பாலோர் பயன்படுத்தக்கூடிய நிலைக்கு அது வந்தது.

கணினி ஒப்பந்தங்களில் அமைப்பின் தலைமைத் தகவல் அதிகாரிக்கு அதிகாரம் தரும் சட்டம் அங்கே 2014 டிசம்பரில் வந்தது. கணினி தெரிந்தவரைக் கேட்டுக் கணினி வாங்குங்கள் என்று சொல்லவும் ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

நம் சிங்கப்பூருக்கு வருவோம். கார்நிறுத்தக் கூப்பனைக் கிழித்துக் கண்ணாடியோரம் வைத்துவிட்டு, நேரம் முடியுமுன் மூச்சிரைக்க ஓடிவந்ததை யார் மறப்பார்கள்? 2017 அக்டோபர் 1ஆம் தேதி பார்க்கிங்.எஸ்ஜி செயலி வந்தது. இருந்த இடத்திலிருந்தே நேரத்தை நீட்டிக்கலாம். முன்னதாகக் கிளம்பினால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்கும். கட்டணமும் நிமிடக் கணக்கில். அதை உருவாக்கியது 2016இல் தொடங்கப்பட்ட அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் சிறு குழு. எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பிரச்சினை. பொதுமக்கள் கைக்குப் போகுமுன் அரசாங்க ஊழியர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் அரசாங்கமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது முடியவும் முடியாது. ஆனால் குத்தகையாளர் சொல்வது சரியா என்று உரசிப் பார்க்கத் தெரிந்த நான்கு பொறியாளர்களாவது அமைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். வேலையைச் சிறு சிறு துண்டுகளாக வாங்க வேண்டும். ஒரு துண்டு சரியாக ஓடினால் அடுத்த துண்டுக்குப் பணம். ஓடாவிட்டால் இழப்பும் சிறிது.

இன்னொன்றும் உண்டு. அந்தச் செயலி வந்த நாளில் காகிதக் கூப்பனை யாரும் பிடுங்கிவிடவில்லை. திறன்பேசி இல்லாத பெரியவர் பழையபடி கூப்பனைக் கிழித்து வைத்துவிட்டுப் போக முடிந்தது.