மணிமேகலை பெற்ற ஆற்றல்



அச்சரப்பாக்கம் என்னும் எங்கள் ஊரின் பெயரைக் குறித்துப் பழங்கதை ஒன்று வழங்குகிறது. முப்புரங்களை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் இவ்விடம் வந்தபோது அதன் அச்சு இற்றுப் போயிற்றாம். அச்சு இற்ற இடம் ஆதலின் ஊர் அச்சிறுபாக்கம் ஆயிற்று. அப்பெயரே மருவி அச்சரப்பாக்கம் ஆயிற்று என்பர். இக்கதையில் ஒரு கருத்து அடங்கியிருக்கிறது. தேர் எத்துணைப் பெரிதாயினும், ஊர்பவர் எத்துணை வலியவராயினும், அச்சு இற்றால் தேர் ஓடாது. முதலில் அச்சினைச் செப்பம் செய்தல் வேண்டும். பயணம் அதன் பின்னரே.

மனித உள்ளமும் அத்தகையதே. துயரத்தால் முறிந்த உள்ளம் மீண்டும் நிமிர்வது எங்ஙனம்? நிமிர்ந்தபின் அது பெறும் ஆற்றல் யாருக்குப் பயன்படல் வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறும் நூல் ஒன்று தமிழில் உண்டு. வானத்தில் பறந்து செல்லும் பெண், வேண்டிய உருவை எடுக்கும் மந்திரம், அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், தூணிலிருந்து பேசும் பாவை ஆகிய அனைத்தும் அதில் வருகின்றன. நீங்கள் இன்று விரும்பிப் படிக்கும் மாயக் கதைகளில் வரும் அற்புதங்கள் யாவும் அக்காப்பியத்தில் முன்னரே வந்துவிட்டன. அதுதான் சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை.

பதிகமும் 30 காதைகளும் கொண்ட இந்நூல் சிலப்பதிகாரத்தோடு சேர்த்து இரட்டைக் காப்பியம் எனப் போற்றப்படுகிறது. நெடுங்காலம் ஏட்டுச் சுவடியிலேயே உறங்கிக் கிடந்த இதனை 1898ஆம் ஆண்டில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் அச்சில் ஏற்றினார். அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். நூலில் நிறைந்து கிடந்த பௌத்த சமயச் சொற்களின் பொருள் அவருக்கு எளிதில் விளங்கவில்லை. அக்கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் பௌத்த நூல்களைத் தேடிப் படித்து அவருக்கு விளக்கினார். ஒருவர் அறியாததை மற்றொருவர் கற்றுச் சொல்ல, இருவர் உழைப்பால் ஒரு காப்பியம் உயிர் பெற்றது.

இனிக் கதைத் தலைவியின் துயரத்தைக் காண்போம். மணிமேகலை கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள். தந்தை மதுரையில் செய்யாத குற்றத்திற்காகக் கொலையுண்டான். அது கேட்ட தாய் ஆடலையும் அணியையும் துறந்து அறநெறி புகுந்தாள். பாட்டியாகிய சித்திராபதியோ பேத்தியை ஆடலரங்கிற்கு ஈர்க்க முயல்கிறாள். புகார் நகரத்தார் அப்பெண்ணைக் கணிகை குலத்தவள் என்னும் ஒரே கண்கொண்டு நோக்குகின்றனர். சோழ மன்னன் மகன் உதயகுமரன் அவளை அடைய விழைகிறான். தன் பிறப்பை அவள் தேர்ந்துகொள்ளவில்லை. ஆயினும் அதன் சுமை முழுவதும் அவள் தோளில் ஏறியது.

அவள் மாலை தொடுத்துக்கொண்டிருக்கும்போது கோவலனும் கண்ணகியும் பட்ட துன்பம் அவள் செவியில் விழுகிறது. கண்ணீர் பெருகி மாலையை நனைக்கிறது. நனைந்த மாலை வழிபாட்டிற்கு ஆகாது என்று கருதிய மாதவி, புதுமலர் கொய்துவருமாறு அவளை உவவனத்திற்கு அனுப்புகிறாள். உடன் செல்பவள் சுதமதி. அங்கே உதயகுமரன் தேடி வருகிறான். மணிமேகலை பளிங்கு மண்டபத்துள் ஒளிந்துகொள்கிறாள். அவன் சென்ற பிறகு அவள் சுதமதியிடம் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்கிறாள்: தன்னை இழிவாகப் பேசிய அவ்வயலான் பின்னேயே தன் நெஞ்சம் சென்றது என்பதே அது. சாத்தனார் தம் தலைவியைக் கல்லாகப் படைக்கவில்லை. வெளியே பழி, உள்ளே துயரம், நெஞ்சிலோ தடுமாற்றம் என மூன்றும் ஒருங்கே வருத்தும் இளம்பெண்ணாகவே படைத்தார்.

அன்றிரவு மணிமேகலா தெய்வம் உறங்கும் அவளை எடுத்துச் சென்று, தென்கடலில் 30 யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவில் விடுகிறது. இத்தீவினை ஈழத்து நயினாதீவு என்று கருதுவோர் உளர். விழித்தவள் யாருமற்ற கரையில் நின்று தந்தையை நினைந்து கதறுகிறாள். அழுது ஓய்ந்த பிறகே புத்த பீடிகையைக் காண்கிறாள். அதனை வணங்கியதும் அவளுக்கு முற்பிறவி புலனாகிறது. அப்பிறவியில் அவள் பெயர் இலக்குமி. பாம்பின் நஞ்சால் மாண்ட அவள் கணவன் இராகுலனே இப்பிறவியில் உதயகுமரனாகப் பிறந்திருக்கிறான். தன் நெஞ்சம் ஏன் அவன்பால் ஓடிற்று என்பது அவளுக்கு இப்போது தெளிவாகிறது.

மறுபிறப்பில் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் இங்கே கொள்ளத்தக்க கருத்து ஒன்று உண்டு. துயரம் இன்னது என்று அறிதல் முதற்படி. அதன் காரணத்தை அறிதல் இரண்டாம் படி. அது நீங்கக்கூடியது என்று தெளிதல் மூன்றாம் படி. நீக்கும் வழியில் நடத்தல் நான்காம் படி. புத்தர் உரைத்த நான்கு வாய்மைகளின் முறை இதுவே. நல்ல மருத்துவர் நோயாளியிடம் கைக்கொள்ளும் முறையும் இதுவே. மணிமேகலைக்குத் தெய்வம் முதலில் அளித்தது மந்திரம் அன்று. தன் துன்பத்தின் வேரைக் காணும் அறிவே. மந்திரங்கள் அதன் பின்னர் வந்தன.

அம்மந்திரங்கள் மூன்று. ஒன்று வேற்றுருக் கொள்ளச் செய்வது. மற்றொன்று வான்வழி இயங்கச் செய்வது. மூன்றாவது பசியை நீக்குவது. தெய்வம் முதலிரண்டையும் உரைத்து மேலெழுந்து, மீண்டும் இறங்கிவந்து மூன்றாவதைச் சொல்லிற்று. மக்கள் உடம்பு உணவினால் ஆனது என்பதே அதற்குக் கூறிய காரணம். பறக்கத் தெரிந்தவளுக்கும் பசி உண்டு என்பதைக் காப்பியம் மறக்கவில்லை.

பின்னர்த் தீவதிலகை என்னும் காவல் தெய்வம் தோன்றி, கோமுகிப் பொய்கையில் வைகாசி முழுமதி நாளில் வெளிப்படும் அமுதசுரபியைப் பற்றிக் கூறுகிறது. அப்பாத்திரம் முன்பு ஆபுத்திரனிடம் இருந்தது. பெற்றவளால் கைவிடப்பட்டவன் அவன். வேள்விக்கெனக் கட்டியிருந்த பசுவை விடுவித்தமையால் ஊராரால் துரத்தப்பட்டவன். மதுரையில் பிச்சை ஏற்று, பார்வையற்றோர்க்கும் கேளாதோர்க்கும் நடக்கவியலாதோர்க்கும் ஊட்டிய பிறகே எஞ்சியதைத் தான் உண்டவன். அவனுடைய அருளைக் கண்டு சிந்தாதேவி அமுதசுரபியை அளித்தாள். பிற்காலத்தில் ஆளற்ற மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, பிறர்க்குப் பயன்படாத பாத்திரம் எனக்கு எதற்கு என்று கருதி அதனைப் பொய்கையில் விட்டு உயிர் நீத்தான். பழிக்கப்பட்ட பிறப்பினன் ஒருவனிடமிருந்து, பழிக்கப்பட்ட பிறப்பினள் ஒருத்தியிடம் அப்பாத்திரம் வந்து சேர்ந்தது. துன்பம் அறிந்தவர் கையே பிறர் பசியை அறியும் என்பது புலவர் கருத்துப் போலும்!

புகாருக்குத் திரும்பிய மணிமேகலை, அறவண அடிகள் வழிகாட்ட, முதற்பிச்சையை ஏற்கச் செல்கிறாள். அதனை இடுபவள் ஆதிரை. இவ்விடத்தை மாணவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஆதிரையின் கணவன் சாதுவன் ஒரு காலத்தில் அவளைப் பிரிந்து கணிகை ஒருத்தியிடம் பொருளை இழந்தவன். அத்துயரைத் தாங்கிய ஆதிரை, கணிகையின் மகள் ஏந்திய பாத்திரத்தில் மனமுவந்து சோறிட்டு நிரப்புகிறாள். குலத்தின் பெயரால் மணிமேகலைக்கு நேர்ந்த புண், அக்குலத்தால் வருந்திய ஒருத்தியின் கையாலேயே ஆறுகிறது. இதனினும் சிறந்த மருந்து வேறு யாது?

அடுத்து, சாபத்தால் 12 ஆண்டுகள் யானைத்தீ என்னும் அடங்காப் பசியால் வாடிய காயசண்டிகைக்கு ஒரு பிடி உணவு தந்து மணிமேகலை அந்நோயைத் தீர்க்கிறாள். பிறகு சிறைக்கோட்டம் புகுந்து கைதிகளுக்கு ஊட்டுகிறாள். செய்தி அறிந்த மன்னன் என்ன வேண்டும் என்று வினவ, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குமாறு வேண்டுகிறாள். மன்னனும் இசைகிறான்.

இவ்வளவில் கதை முடிந்திருந்தால் அது எளிய நீதிக்கதையாகவே நின்றிருக்கும். சாத்தனார் மேலும் ஒரு கடுஞ்சோதனையை வைக்கிறார். உதயகுமரனிடமிருந்து தப்பவே மணிமேகலை காயசண்டிகையின் உருவை எடுத்திருந்தாள். அவ்வுருவைக் கண்ட காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், இளவரசனைத் தன் மனைவியை நாடும் அயலான் எனத் தவறாகக் கருதி வாளால் வெட்டி வீழ்த்துகிறான். தன்னைக் காக்க எடுத்த உருவே மற்றொருவன் சாவிற்கு ஏதுவாயிற்று! மந்திரம் இருந்தும் மணிமேகலை கதறி அழுகிறாள். உடலை நோக்கி ஓடப் பார்க்கிறாள். தூணிலிருந்த கந்திற்பாவை அவளைத் தடுத்து, நிகழ்ந்ததன் காரணத்தையும் நிகழ இருப்பதையும் உரைக்கிறது. ஆற்றல் பெறுதல் வேறு. ஆற்றலை ஆளும் தெளிவு பெறுதல் வேறு. முன்னது ஓர் இரவில் கிடைத்தது. பின்னதற்கு நெடுநாள் ஆயிற்று.

மகனை இழந்த அரசி பழிவாங்கக் கருதி மணிமேகலைக்குப் பித்தேற்றும் மருந்தை ஊட்டுகிறாள். ஓர் இளைஞனை ஏவி இழிவுபடுத்த முனைகிறாள். உணவின்றி அடைத்து வைக்கிறாள். மூன்றும் பலிக்கவில்லை. மந்திரத்தின் துணையால் தப்பியவள் அரசியைத் தண்டிக்கவில்லை. நீ அழுவது உடலுக்கா, உயிருக்கா என்னும் பொருளில் வினவி, அவளது சோகத்தைத் தெளிவிக்கிறாள். துன்புறுத்தியவளுக்கே மருத்துவம் செய்யும் நிலைக்கு அவள் உயர்ந்துவிட்டாள்.

கடல்கொண்ட புகாரை நீங்கிப் பின்னர் வஞ்சி நகர் சென்று கண்ணகியின் கோயிலை வணங்குகிறாள். அங்கே பல சமயவாதிகளிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். இளம்பெண் என்று கருதி எவரும் கற்பியார் ஆதலின், மாதவன் ஒருவனின் வடிவம் கொண்டே கேட்கிறாள். கல்விக்காக உருமாற வேண்டிய நிலையில் பெண்கள் இருந்தனர் என்பதை இப்பகுதி நமக்கு உணர்த்துகிறது. ஐயம் தீரக் கேட்டு, பொருந்தாதவற்றை விலக்கும் அறிவும் ஆற்றலின் ஒரு கூறே அன்றோ?

அவளுடைய பயணத்தின் முடிவு நம் பகுதியிலுள்ள காஞ்சி மாநகரம். மழை பொய்த்து அந்நகர் வாடுகிறது என்று கோவலனின் தந்தை மாசாத்துவான் சொல்லக் கேட்டு வான்வழியே அங்கு விரைகிறாள். இளங்கிள்ளி என்னும் மன்னன் மணிபல்லவத்துச் சோலையும் பொய்கையும் போன்றவற்றை அங்கே அமைத்திருந்தான். மணிமேகலை பீடிகையில் அமுதசுரபியை வைத்து, பசித்த உயிர் அனைத்தையும் அழைத்து ஊட்டுகிறாள். அதன் பின்னரே அறவண அடிகளிடம் அளவை நூலும் அறமும் கேட்டு முறையாகத் துறவு மேற்கொள்கிறாள். நூலின் கடைசிக் காதையில்தான் இது நிகழ்கிறது.

ஏரியும் வடகிழக்குப் பருவமழையுமே உயிராகவுள்ள செங்கற்பட்டு, காஞ்சிப் பகுதியினர்க்குக் காஞ்சியின் வறட்சி வெறுங்கற்பனை அன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1867இல், வள்ளலார் வடலூரில் தருமச்சாலை நிறுவி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. காமராசர் ஆட்சியில் 1950களில் பள்ளிகளில் மதிய உணவு பரவியது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கிற்று. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஆண்டுகள் பலவாக வகுப்பறையில் கண்டவன் யான். அமுதசுரபி பொய்கையில் மறைந்துவிடவில்லை, அடுப்பங்கரையில் இருக்கிறது.

மாணவர்களே! கண்ணகிக்கு நேர்ந்த துயரம் மதுரையை எரித்த தீயாயிற்று. அவளைத் தாயாகப் போற்றிய மணிமேகலைக்கு நேர்ந்த துயரம் காஞ்சியைக் காத்த சோறாயிற்று. இரண்டும் ஒரே துயரத்தின் இரு வடிவங்கள். உங்களுள்ளும் வீட்டுத் துன்பத்தாலோ, பிறர் வசையாலோ உள்ளம் நொந்தவர் இருக்கலாம். அவர்க்கு இக்காப்பியம் மூன்று செய்திகளைத் தருகிறது. முதலாவது, துயரத்தைத் தனியே சுமவாதீர். சுதமதி போன்ற தோழியிடமும் அறவண அடிகள் போன்ற பெரியோரிடமும் வாய்திறந்து சொல்லுங்கள். இரண்டாவது, துன்பத்தின் காரணத்தை அறியுங்கள். பிறப்பு உங்கள் குற்றமன்று. மூன்றாவது, முற்றும் ஆறிய பிறகே பிறர்க்கு உதவுவோம் என்று காத்திராதீர். பாதி ஆறிய நெஞ்சோடுதான் மணிமேகலை முதற்சோற்றைப் பகிர்ந்தளித்தாள். கொடுக்கக் கொடுக்கப் பாத்திரம் நிறைந்தது, அவளும் நிறைந்தாள்.