நிழலைத் துரத்திச் சென்ற சிறுவன்

எங்கள் மூத்த மகன் பதினொன்றாம் வகுப்பில் பயில்கின்றான். பள்ளி நூலகத்திலிருந்து அவன் எடுத்து வந்த ஓர் ஆங்கில நாவல், சில வாரங்களுக்கு முன் எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கையே உண்டாக்கிவிட்டது. அட்டையிலிருந்த மந்திரவாதியின் படத்தைக் கண்ட என் மாமியார், "சூனியம் நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டதல்லவா? தொழுகை நடக்கும் வீட்டில் இந்தப் புத்தகம் எதற்கு?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறேதும் இல்லை. மகன் எதிர்வாதம் செய்யவில்லை. "உம்மா, நீங்கள் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று நூலை என்னிடம் நீட்டினான்.

படிக்காமல் தீர்ப்புக் கூறுவது நீதியன்று. ஆகவே அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அடுப்படி வேலைகள் முடிந்த பின் இரவுதோறும் சிறிது சிறிதாகப் படித்து முடித்தேன். அந்நூல் பற்றி என் மனத்தில் பட்டதை வாசக சகோதர சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' என்பது நாவலின் பெயர். 'எர்த்ஸீ தீவுகளின் மந்திரவாதி' எனத் தமிழில் கூறலாம். எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின். 1929-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் பிறந்து, 2018-இல் மறைந்தவர். அவருடைய தந்தை அமெரிக்கப் பழங்குடி மக்களின் வாழ்வை ஆராய்ந்த மானிடவியல் அறிஞர். வளரிளம் பருவத்தினருக்கென்றே எழுதப்பட்ட இந்நாவல் 1968-இல் வெளிவந்தது.

எண்ணற்ற தீவுகள் நிறைந்த ஒரு கற்பனைக் கடல்தான் கதையின் களம். அதில் கான்ட் என்னும் மலைத்தீவில், தாயற்ற பிள்ளையாக வளர்கின்றான் கெட். ஆடு மேய்க்கும் அச்சிறுவனிடம் அரிய ஆற்றல் இருக்கின்றது; அதனினும் பெரிய ஆணவமும் இருக்கின்றது. அவனுடைய ஆசான் ஓகியன் பேசாத பெரியவர். மழையைத் தடுக்கும் வல்லமை இருந்தும் அதைத் தடுக்காமல், மரத்தடியில் ஒதுங்கிப் படுத்துக்கொள்பவர். தேவையின்றி ஆற்றலைப் பயன்படுத்தினால் உலகின் சமநிலை குலையும் என்பது அவர் அறிந்த பாடம். சிறுவனுக்கோ பொறுமை இல்லை. ரோக் தீவிலுள்ள பெரிய கல்விக்கூடத்தை நாடிச் செல்கின்றான்.

அங்கே ஜாஸ்பர் என்ற மூத்த மாணவன் அவனை ஏளனம் செய்கின்றான். "உன்னால் முடியுமா?" என்ற சவால் எழுகின்றது. முடியும் என்று காட்டுவதற்காக, இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கத் துணிகின்றான் கெட். திறந்த பிளவின் வழியே பெயரற்ற ஒரு கரிய நிழலும் வந்து அவன் முகத்தைக் கிழிக்கின்றது. அப்பிளவை மூடுவதற்காகக் கல்விக்கூடத்தின் முதுபெரும் தலைவர் நெம்மர்லே தம் வலிமை முழுவதையும் செலவிட்டு உயிர் துறக்கின்றார். தவறு செய்தவன் பிழைத்துக்கொண்டான். அதற்கான விலையைக் கொடுத்தவர் வேறொருவர்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் உண்டு. சென்ற ஆண்டு, நண்பர்கள் கேலி செய்தார்கள் என்பதற்காக என் மகன் தன் மாமாவின் மோட்டார் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துச் சென்றான். வண்டி கவிழ்ந்தது. அவனுக்குச் சிராய்ப்புகள் மட்டுமே. பின்னால் அமர்ந்திருந்த தோழனுக்குக் கால் முறிந்தது. அவ்வாண்டுத் தேர்வையும் அப்பிள்ளை எழுத இயலவில்லை. அன்று முதல் என் மகன் அந்தத் தெரு வழியே செல்வதில்லை, சுற்றிக்கொண்டு போவான். நாங்களும் அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டோம்.

கதையில் கெட்டும் அவ்வாறே ஓடுகின்றான். தீவு தீவாக ஓடினாலும் நிழல் விடுவதில்லை. ஓட ஓட அதற்கு வலிமை கூடுகின்றது. இறுதியில் களைத்துப்போய்ப் பழைய ஆசானிடமே வருகின்றான். திரும்பி நின்று அதை நீ துரத்து என்கின்றார் ஓகியன். வெட்ச் என்ற உண்மைத் தோழன் ஒருவன் துணைவர, கடலின் எல்லை வரை அவன் அதைத் தேடிச் செல்கின்றான். முடிவில் அவன் வெல்வது வாளாலன்று. அந்நிழலின் பெயர் யாது என்பதே புதிர். அதை இங்கே சொல்லிவிட்டால் படிப்பவர் இன்பம் கெடும்.

மற்றொரு சிறப்பையும் குறிப்பிட வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன். வெட்ச் கறுப்பு நிறத்தவன். படையெடுத்து வரும் கொள்ளையர்களே வெண்ணிறத்தவர்கள். 1968-இல் ஓர் அமெரிக்க நூலில் இது அரிய துணிவு. 2004-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரில் கெட்டாக வெள்ளையர் ஒருவரை நடிக்க வைத்தபோது, லெ குவின் அதை வெளிப்படையாகவே கண்டித்தார்.

குறைகளும் உண்டு. ரோக் கல்விக்கூடத்தில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் அறிவு அங்கு அற்பமாகவே பேசப்படுகின்றது. பெண்ணொருவர் எழுதிய நூலில் இது வருத்தம் தந்தது. லெ குவின் பின்னர் இதனை உணர்ந்து, 1990-இல் வெளியிட்ட 'டெஹானு' நாவலில் அதே உலகைப் பெண்களின் பக்கமிருந்து எழுதினார். நடையும் பழங்கதை சொல்வது போல் மெதுவாகச் செல்வது. பரபரப்பை நாடும் பிள்ளைகளுக்குத் தொடக்கம் சலிப்பூட்டலாம்.

மாமியாரிடம் கதையை முழுவதும் கூறினேன். மந்திரம் கற்றுக்கொடுக்கும் நூலன்று, ஆணவத்தின் கேட்டைக் கூறும் நூல் என்றேன். அவர்கள் சிறிது யோசித்து, "கதையைக் கதையாகப் படிக்கட்டும். அதில் வருபவை உண்மையல்ல என்பதை நீ பக்கத்திலிருந்து எடுத்துச் சொல்" என்றார்கள். அதுவே சரியான தீர்ப்பென்று எனக்கும் தோன்றியது.

நூலை மகனிடம் திருப்பிக் கொடுத்தேன், வேறொன்றும் கூறவில்லை. ஒரு வாரம் சென்றது. வெள்ளிக்கிழமை மாலை, "உம்மா, அவன் வீட்டுக்கு என்னுடன் வருகிறீர்களா?" என்று கேட்டான். சென்றோம். தோழனின் தாயார் கதவைத் திறந்து, எங்களை உட்காரவைத்துத் தேநீர் தந்தார்கள். என் மகன் தலை குனிந்தபடி மன்னிப்புக் கேட்டான். அத்தோழன் அன்று அதிகம் பேசவில்லை. ஆனால் நாங்கள் விடைபெறும்போது, சற்றே சாய்ந்த நடையுடன் வாசல் வரை வந்து நின்றான்.

இப்போது என் மகன் அந்தத் தெரு வழியாகவே பள்ளிக்குச் செல்கின்றான்.