பாதுகாப்பு நெறிமுறைகளைச் சரிபார்க்கும் தருக்க முறைகள்: ஓர் ஒப்பீடு

கணினி வலையமைப்பின்வழிச் செய்தி பரிமாறும் இருவர், எதிர்முனையில் இருப்பவர் இன்னார் என உறுதிசெய்துகொள்ளப் பின்பற்றும் ஒழுங்கு பாதுகாப்பு நெறிமுறைகளுள் ஒன்று. அது பிழையற்றதா என்பதை முறைசார் தருக்கத்தின் துணைகொண்டு ஆராயலாம். 1978இல் நீதாமும் ஷ்ரோடரும் வகுத்த நெறிமுறையைச் சான்றாகக் கொண்டு, அத்தகைய மூன்று முறைகளை இங்கு ஒப்பிடுகிறோம்.

இந்நெறிமுறையில் ஒவ்வொருவருக்கும் பொதுத் திறவுகோல் ஒன்றும் தனித் திறவுகோல் ஒன்றும் உண்டு. பொதுத் திறவுகோலால் பூட்டியதை உரியவரின் தனித் திறவுகோலே திறக்கும். அமுதன் தன் பெயரையும் புதிய மறையெண் ஒன்றையும் பாரிக்கெனப் பூட்டி அனுப்புகிறான். பாரி அவ்வெண்ணோடு தன் மறையெண்ணையும் சேர்த்து அமுதனுக்கெனப் பூட்டி விடுக்கிறான். அமுதன் பாரியின் எண்ணை மீண்டும் பூட்டித் திருப்பி அனுப்புகிறான். எண்ணைத் திருப்பித் தருபவர் உரியவரே என்பது இதன் அடிப்படை.

பர்ரோஸ், அபாடி, நீதாம் ஆகிய மூவரும் 1989இல் வெளியிட்ட 'பான்' தருக்கம், ஒருவர் எதனை நம்பலாம் என்பதை விதிகளின்வழி வருவிப்பது. கணினியின்றிக் கையாலேயே செய்யத்தக்க எளிமை அதன் சிறப்பு. ஆயினும், பங்குபெறுவோர் நேர்மையானவர் என்னும் எடுகோளின்மேல் அது நிற்கிறது. அம்மூவரும் இந்நெறிமுறையையும் ஆராய்ந்தனர். எனினும் அதனுள் இருந்த தாக்குதல் வழி புலப்படவில்லை.

அதனை 1995இல் கேவின் லோ வெளிப்படுத்தினார். மாறன் முறையான பயனரே, ஆனால் வஞ்சகன். அமுதன் அவனோடு உரையாடத் தொடங்குகிறான். மாறன் அச்செய்தியைத் திறந்து, பாரிக்கெனப் பூட்டி அனுப்புகிறான். பாரியின் விடையை அவனால் திறக்க இயலாது; அப்படியே அமுதனிடம் சேர்க்கிறான். அமுதனோ அதிலுள்ள புதிய எண் மாறனுடையது எனக் கருதி, அதனை மாறனுக்கே பூட்டி அனுப்புகிறான். மாறன் அதனைப் பாரிக்கு அனுப்ப, பாரி தான் அமுதனோடு உரையாடுவதாக நம்பிவிடுகிறான்.

1996இல் லோ மாதிரிச் சோதனை முறையைக் கையாண்டு, சிறிய அமைப்பொன்றில் நிகழக்கூடிய நிலைகள் அனைத்தையும் 'எஃப்டிஆர்' மென்பொருளால் தேடினார். இம்முறை குறை உண்டென்று கூறுவதோடு, தாக்குதலையே படிப்படியாகக் காட்டும். இரண்டாம் செய்தியில் பாரியின் பெயரையும் சேர்த்தல் அவர் கண்ட திருத்தம். ஆனால் தேடல் எல்லைக்குட்பட்டது. ஆதலின் பெரிய அமைப்புகளுக்கும் திருத்தம் பொருந்தும் என்பதை அவர் தனியே நிறுவ வேண்டியதாயிற்று.

1998இல் லாரன்ஸ் பால்சன் விளக்கிய தொகுத்தறி முறைக்கு அவ்வெல்லை இல்லை. எத்தனை உரையாடல்கள் நிகழினும் பொருந்தும் நிறுவலை அது தரும். எனினும் அதற்கு வல்லுநரின் உழைப்பு மிகுதியாகத் தேவை.

மூன்று முறைகளுமே பூட்டை உடைக்க இயலாது எனக் கொள்கின்றன. பான் தருக்கம் அதற்கு மேலாகப் பயனரின் நேர்மையையும் எடுகோளாகக் கொண்டமையால், மாறனைப் போன்றவனுக்கு அதில் இடமே இல்லாது போயிற்று. எனவே, ஒரு நெறிமுறை பாதுகாப்பானது என நிறுவப்பட்டதாக அறியும்போது, எவ்வெடுகோள்களின்கீழ் நிறுவப்பட்டது என்பதை நாம் முதலில் வினவுதல் வேண்டும்.