ஐம்பத்திரண்டு நொடி

திருவனந்தபுரத்துப் பள்ளிகள் பலவற்றில், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் 'ஜன கண மன' பாடுவார்கள். பை தோளில் ஏறியிருக்கும், மனசு வாசலுக்குப் போயிருக்கும். ஆனாலும் பாட்டு தொடங்கியதும் வகுப்பு அசையாமல் நிற்கும். முழுப் பாட்டுக்கு 52 நொடி. இந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில் நாட்டு வாழ்த்து வேறு: உள்ளூர் பரமேசுவர ஐயர் எழுதிய 'வஞ்சீச மங்களம்'.

பாட்டு எதுவானாலும், அந்த நேரத்தில் உடம்புக்குள் ஒன்று நடக்கிறது. மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள்: துடிப்பு கொஞ்சம் வேகமாகும். நீளமாக விடுங்கள்: நிதானமாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை இது. குழந்தைகளிடம் இன்னும் நன்றாகத் தெரியும்.

பாடுவது என்றால் மூச்சை நீட்டி விடுவதுதானே! வரி முடிகிற இடத்தில் வகுப்பிலுள்ள நாற்பது பேரும் ஒன்றாக மூச்சிழுக்கிறார்கள். நாற்பது இதயமும் சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்குகிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களைச் சேர்ந்து பாடவைத்து இதை அளந்து, 2013-இல் வெளியிட்டார்கள். கூடிப் பாடும்போது 'நாம்' என்று தோன்றுவதில் இதற்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்கப் பள்ளிகளிலும் இப்படி ஒரு கூட்டு வழக்கம் உண்டு: பிள்ளைகள் காலையில் கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்வார்கள். 1892-இல் பிரான்சிஸ் பெல்லமி எழுதிய அது முதலில் அச்சானது, ஒரு சிறுவர் பத்திரிகையில்! அப்போது கையைக் கொடி நோக்கி நீட்டுவது வழக்கம். ஹிட்லரின் ஆட்களும் அப்படியே நீட்டியதால், 1942-இல் கையை நெஞ்சுக்கு மாற்றினார்கள்.

எல்லோரும் பாடும்போது ஒருவர் மட்டும் பாடாவிட்டால்? 1985-இல் கோட்டயம் மாவட்டத்தில் அதுதான் நடந்தது. பத்து, ஒன்பது, ஐந்தாம் வகுப்புகளில் படித்த ஒரு வீட்டுப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதத்துக்கு ஒழுங்காக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற அவர்கள் சமயம் பாட விடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கேரள உயர் நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. வழக்கு டெல்லிக்குப் போனது. பாடியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நின்றதே மரியாதைதான் என்று 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூவரையும் மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி, நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பெழுதினார்.