யேல் பல்கலைக்கழகம் பெயர்பெற்ற வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் தனியார் பல்கலைக்கழகங்களுள் முன்வரிசையில் நிற்பது யேல். கனெற்றிக்கட் மாநிலத்து நியூஹேவன் நகரிலே அமைந்த அக்கழகத்தின் பெயர் அதனை நிறுவியவர் பெயரன்று. அதனைக் கண்ணாற் கண்டிராத ஒருவரின் பெயர். அவர் செல்வம் திரட்டிய இடமோ சோழமண்டலக் கரை.

1701 ஒக்டோபரிலே, கிறித்தவ குருமார் சிலரின் முயற்சியால், கனெற்றிக்கட் குடியேற்றத்துச் சட்டசபை ஒரு கல்லூரிக்குப் பட்டயம் வழங்கியது. அதற்கெனச் சிறப்புப் பெயரும் இல்லை, நிலையான இடமும் இல்லை. முதல் அதிபர் ஏபிரகாம் பியேர்சன் கில்லிங்வேத்தில் இருந்த தம் இல்லத்திலேயே கற்பித்தார். பின்னர் அது சேபுறூக்கிற்கும், பெரும் பிணக்கின்பின் 1716 இல் நியூஹேவனுக்கும் பெயர்ந்தது. சேபுறூக் மக்கள் நூல்களைத் தர மறுத்தனர். 1718 இல் அவற்றை வண்டியேற்றியபோது மூண்ட கலவரத்திலே ஏறத்தாழ 250 நூல்கள் மறைந்தன. நூல்களுக்காக ஓர் ஊர் போரிட்டது என்பது இக்காலத்து நூலகர் பொறாமைப்படத்தக்க செய்தியே.

நியூஹேவனில் எழுந்த கட்டடத்தை முடிக்கப் பொருள் வேண்டியிருந்தது. ஹாவாட் கல்லூரியிற் கற்றும் அதன்பால் மனக்கசப்புற்றிருந்த பொஸ்ரன் குரு கொற்றன் மேதர், இலண்டனில் வாழ்ந்த எலிகு யேல் என்னும் செல்வருக்கு 1718 இல் மடல் வரைந்தார். கல்லூரிக்குத் தம் பெயர் அமையின் அது எகிப்தியப் பிரமிட்டினும் மேலான நினைவுச்சின்னமாகும் என்பது அம்மடலின் கருத்து.

யேல் 1649 இல் பொஸ்ரனிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். கிழக்கிந்தியக் கம்பனியின் எழுதுவினைஞராக 1672 இல் சென்னை சேர்ந்தார். 1687 இல் புனித ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநரானார். கடலூரையடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையைக் கம்பனி 1690 இல் விலைக்குப் பெற்றது அவர் காலத்திலேதான். கம்பனி தந்த ஊதியம் சொற்பம். அவரைச் செல்வராக்கியது சொந்த வணிகமே. அவ்வணிகத்தையொட்டி எழுந்த குற்றச்சாட்டுக்களால் 1692 இல் பதவி இழந்தார். அவர் ஆட்சியிலே சென்னையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டமையும் மறைத்தற்குரியதன்று.

மேதரின் மடலும் இலண்டனிலிருந்த குடியேற்றப் பிரதிநிதி ஜெரமையா டம்மரின் தூண்டுதலும் பயன் தந்தன. யேல் 9 பொதி சரக்கும், 417 நூல்களும், முதலாம் ஜோர்ஜ் மன்னரின் உருவப்படமும் அனுப்பினார். பொதிகளிலே மஸ்லின், கலிக்கோ முதலிய துணிகள் இருந்தன. அவை விற்றுக் கிடைத்தது ஏறத்தாழ 562 பவுண். அவ்வாண்டிலேயே புதுக்கட்டடம் ‘யேல் கல்லூரி’ எனப் பெயரிடப்பட்டது. கட்டடத்தின் பெயர் நாளடைவிற் கல்லூரியின் பெயராயிற்று. 1745 ஆம் ஆண்டுப் பட்டயம் அதனை உறுதிசெய்தது.

ஈண்டு டம்மரையும் நினைத்தல் தகும். அவர் 1714 இல் எண்ணூறுக்கு மேற்பட்ட நூல்களைத் திரட்டி அனுப்பினார். நியூற்றன் தாமே அளித்த நூல்களும் அவற்றுள் அடங்கும். கல்விக்கு அவர் செய்த உதவி துணிப்பொதிகளிற் குறைந்ததன்று. எனினும் பெயர் பொருள் தந்தவருக்கே சென்றது.

ஐக்கிய அமெரிக்காவின் முதற் கலாநிதிப் பட்டங்களை 1861 இல் வழங்கியது இக்கல்லூரியே. ‘பல்கலைக்கழகம்’ என்ற பெயரை 1887 இல் ஏற்றது. அடிமை முறையை ஆதரித்த கல்கூனின் பெயர் அதன் உறுப்புக் கல்லூரியொன்றிலிருந்து 2017 இல் நீக்கப்பட்டு, கணித விஞ்ஞானி கிரேஸ் ஹொப்பரின் பெயர் சூட்டப்பட்டது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024 இல் கழகம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. யேல் என்ற பெயரை மாத்திரம் அது மாற்றவில்லை.